கோழி எருவும் சேகோ தண்ணீரும்: நாமக்கல் வட்டாரத்தில் பயோகேஸ் தொழில் வேரூன்ற என்ன வேண்டும்?

முட்டைக்கோழி ஒன்று ஒரு நாளில் ஏறத்தாழ 100 கிராம் எச்சம் இடும். நாமக்கல் வட்டாரப் பண்ணைகளில் நான்கு கோடிக்கும் மேற்பட்ட கோழிகள் இருக்கின்றன. பெருக்கிப் பார்த்தால் நாள் ஒன்றுக்கு 4,000 டன். முட்டைகள் அன்றன்றைக்கு லாரி ஏறிக் கேரளத்துக்கும் சத்துணவுக் கூடங்களுக்கும் துறைமுகங்களுக்கும் போய்விடுகின்றன. எரு அங்கேயே, கூண்டுகளுக்கு அடியில், மாதக்கணக்கில் குவிந்து கிடக்கிறது.

அங்கிருந்து சற்று வடக்கே ராசிபுரம், ஆத்தூர், சேலம் பக்கம் போனால் வேறொரு கழிவு. மரவள்ளிக்கிழங்கைக் கழுவி, அரைத்து, பாலெடுத்து, தெளிய வைத்து ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் செய்யும் சேகோ ஆலைகள் நூற்றுக்கணக்கில் உள்ள பகுதி அது. ஒரு டன் ஜவ்வரிசிக்குப் பல்லாயிரம் லிட்டர் கழிவுநீர் வெளியேறும். புளித்த வாடை வீசும் அந்தத் தண்ணீர் ஏரிகளிலும் கிணறுகளிலும் இறங்கிய வரலாறு அந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

கழிவிலிருந்து எரிவாயு எடுக்கலாம் என்று எல்லா மேடைகளிலும் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் ஒரு ஆலை கட்டுவது வேறு, ஒரு வட்டாரத்தில் அதை ஒரு தொழிலாக நிலைநிறுத்துவது வேறு. வட்டாரத் தொழிலாக அது நிற்பது மூன்று கேள்விகளைப் பொறுத்தது: எந்தக் கழிவை எந்தக் கழிவோடு சேர்ப்பது, எத்தனை கிலோமீட்டருக்குள் சேர்ப்பது, வாயு எடுத்தபின் மிஞ்சும் ஸ்லரி யாருடைய வயலுக்குப் போகும். இவற்றுள் கடைசிக் கேள்விக்குத்தான் இங்கே மிகக் குறைந்த கவனம் கிடைக்கிறது. அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து.

கலனுக்குள் நடப்பது

பயோகேஸ் கலன் என்பது காற்றுப் புகாத ஒரு பெரிய தொட்டி. அதற்குள் வேலை செய்யும் நுண்ணுயிர்களின் நெருங்கிய உறவினங்கள் மாட்டின் முதல் வயிற்றிலும் இருக்கின்றன. ஒரு கூட்டம் மாவுச்சத்தையும் கொழுப்பையும் புரதத்தையும் உடைக்கும். அடுத்த கூட்டம் அவற்றை அமிலங்களாக்கும். கடைசிக் கூட்டம் அந்த அமிலங்களிலிருந்து மீத்தேனை உண்டாக்கும். 35 முதல் 40 டிகிரி வெப்பமும் இருபது முதல் நாற்பது நாள் அவகாசமும் வேண்டும். வெளிவரும் வாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன், மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு, கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடு. வாகனத்துக்கு ஊற்ற வேண்டுமானால் இந்த இரண்டையும் நீக்கி மீத்தேன் அளவை 90 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டும். அப்படிச் சுத்திகரித்து அழுத்தி அடைத்ததைத்தான் சிபிஜி என்கிறோம்.

மாட்டுக்குத் தீவனத்தைத் திடீரென மாற்றினால் வயிறு உப்பிவிடும். கலனுக்கும் அதே கதிதான். அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வேகமானவை. மீத்தேன் உண்டாக்குபவை மெதுவானவை. ஒரே நாளில் அளவுக்கு மீறி உணவுக்கழிவைக் கொட்டினால் அமிலம் தேங்கி, மீத்தேன் கூட்டம் செத்து, கலன் வெறும் புளித்த தொட்டியாகிவிடும். மீண்டும் உயிர்ப்பிக்க வாரக்கணக்கில் ஆகும். எனவே இந்தத் தொழிலில் தினமும் ஒரே மாதிரிச் சரக்கு, ஒரே அளவில் வருவது அடிப்படைத் தேவை. கழிவு என்பதாலேயே எது கிடைத்தாலும் போடலாம் என்று தொடங்கிய ஆலைகள் தடுமாறியதற்கு இதுவே முதல் காரணம்.

கோழி எருவுக்கு வேறொரு கோளாறு உண்டு. மாட்டுச் சாணத்தைவிட அதில் வாயு அதிகம் எடுக்கலாம். ஒரு டன் சிபிஜிக்குச் சாணம் என்றால் 50 டன் அளவுக்குத் தேவை, கோழி எரு என்றால் 25 டன் அளவுக்குப் போதும். ஆனால் அதில் தழைச்சத்து மிகுதி. ஒரு டன் புது எருவில் 13 கிலோ அளவுக்கு நைட்ரஜன் இருக்கும். கரிமத்துக்கும் நைட்ரஜனுக்குமான விகிதம் 20-க்கு மேல் இருந்தால் கலனுக்கு நல்லது. கோழி எருவில் அது பத்துக்குக் கீழே. அந்த நைட்ரஜன் கலனுக்குள் அம்மோனியாவாக மாறும். லிட்டருக்கு 3 கிராமைத் தாண்டும்போது மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் திணறத் தொடங்குகின்றன. கோடையில் கலனின் சூடு ஏற ஏற அந்த நச்சு இன்னும் கடுமையாகும். நாமக்கல் கோடையைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று மணல். முட்டை ஓடு கெட்டியாக இருக்கத் தீவனத்தில் சுண்ணாம்புக்கல், கிளிஞ்சல் தூள் எல்லாம் சேர்ப்பார்கள். அதோடு மண் தரையிலிருந்து வாரும்போது மண்ணும் சேர்ந்தே வரும். எல்லாம் கலனின் அடியில் படிந்து, சில ஆண்டுகளில் கொள்ளளவையே தின்றுவிடும். இறகு மேலே மிதந்து கெட்டி ஏடாகும். படிவை வெளியேற்றும் வசதியை முதலிலேயே அமைக்காத ஆலை, பிறகு கலனை முழுதாக நிறுத்தி, திறந்து, ஆளை இறக்கித்தான் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு தேங்கும் தொட்டிக்குள் ஆள் இறங்குவது உயிரோடு விளையாடுவது. வடிவமைப்பில் செய்யும் சிக்கனம் இங்கே தொழிலாளியின் உயிரில் போய் முடியும்.

இரண்டு கழிவும் ஒரு தொட்டியும்

இங்கேதான் இந்த வட்டாரத்தின் அதிர்ஷ்டம் தெரிகிறது. கோழி எருவுக்குத் தண்ணீர் வேண்டும். அம்மோனியாவை நீர்க்கச் செய்ய ஒரு பங்கு எருவுக்கு இரண்டு பங்காவது ஊற்ற வேண்டும். நாமக்கல்லோ மானாவாரி பூமி. நல்ல தண்ணீரை எருவில் கரைக்க யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. சேகோ ஆலைக் கழிவுநீர் நிறைய இருக்கிறது, நைட்ரஜன் குறைவு, அமிலத்தன்மை உள்ளது. ஒரு டன் எருவோடு இரண்டு டன் சேகோ தண்ணீரைச் சேர்த்தால் நைட்ரஜன் செறிவு மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. எருவின் காரத்தன்மை தண்ணீரின் புளிப்பைச் சரிக்கட்டுகிறது. 100 டன் எருவுக்கு 200 கனமீட்டர் தண்ணீர் போதும். நாளுக்கு ஐந்தாறு டன் ஜவ்வரிசி எடுக்கும் ஓர் ஆலையே அதைத் தந்துவிடும்.

சேகோ தண்ணீரிலிருந்து மட்டும் வாயு எடுப்பது புதிதல்ல. இந்தப் பகுதி ஆலைகள் பல, கழிவுநீர்க் குட்டைகளைத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, வாயுவைப் பிடித்து, ஜெனரேட்டர் ஓட்டித் தம் மின்கட்டணத்தைக் குறைத்திருக்கின்றன. மரவள்ளியில் இயல்பாகவே இருக்கும் சயனைடுகூடப் பெரிய தடையாக இல்லை. நுண்ணுயிர்கள் மெல்லப் பழகிவிடுகின்றன. ஆனால் ஜவ்வரிசியை வெளுக்கச் சிலர் சேர்க்கும் ரசாயனங்கள் அப்படியல்ல. வெளுப்புக்காரம் கலந்த தண்ணீர் கலனுக்குள் போனால் நுண்ணுயிர் சாகும். உணவுப் பாதுகாப்புத் துறை இத்தனை ஆண்டுகளாகச் சோதனை போட்டுத் தடுக்கப் பார்ப்பதை, கழிவுநீருக்குத் தரம் பார்த்து விலை கொடுக்கும் ஒரு பயோகேஸ் ஆலை ஓரளவு தடுத்துவிடும். அதேபோல் பண்ணையில் நோய்க்கிருமி ஒழிக்கத் தெளிக்கும் மருந்துகளும் தீவனத்தில் கலக்கும் ஆன்டிபயாடிக்குகளும் எரு வழியாகக் கலனுக்கு வந்து வாயுவைக் குறைக்கும்.

சேகோ தண்ணீர் கரிமத்தைப் பெரிதாகக் கூட்டுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் தண்ணீர்தான். கரிமம் வேண்டுமென்றால் பாலெடுத்த பின் மிஞ்சும் திப்பியையோ, சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றை வடிகட்டியபின் மிஞ்சும் சக்கையான பிரஸ்மட்டையோ சேர்க்க வேண்டும். திப்பி மாட்டுத் தீவனமாக விலை போகிறது. மழையில் நனைந்து கெட்டதுதான் மலிவாகக் கிடைக்கும். பிரஸ்மட்டுக்கு மோகனூர்க் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை பக்கத்திலேயே இருக்கிறது. கரும்பும் மரவள்ளியும் பருவத்துக்கு உட்பட்டவை. வெட்டுக்காலம் முடிந்தால் சேகோ ஆலைகளில் பலவும் நின்றுவிடும். கோழிக்கு மட்டும் பருவம் இல்லை. ஆகவே எருவை ஆண்டு முழுவதும் ஓடும் அடிச்சரக்காக வைத்து, மற்றவற்றைப் பருவத்துக்கு ஏற்ப மெல்ல மெல்ல மாற்றி ஊட்ட வேண்டும். மரவள்ளி இல்லாத மாதங்களுக்கு, ஸ்லரியைப் பிழிந்தெடுக்கும் நீரையே திருப்பி ஊற்றலாம். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அம்மோனியாவும் உப்பும் ஏறும் என்பதால் அதற்கும் எல்லை உண்டு.

தண்ணீரை லாரியில் ஏற்றித் தொலைதூரம் கொண்டுபோனால் வாயு தரும் வருமானம் டீசலுக்கே போய்விடும். எனவே ஆலை சேகோ ஆலைகளின் அருகில் இருக்க வேண்டும். எரு அதைத் தேடி வர வேண்டும். புதுச்சத்திரம், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் பக்கங்களில் பண்ணையும் சேகோவும் மஞ்சள் வயலும் அடுத்தடுத்து இருப்பதால் இந்த யோசனைக்கு நிலத்திலேயே இடம் இருக்கிறது.

எருவுக்கு விலை உண்டு

கோழி எரு கேட்பாரற்றுக் கிடக்கும் குப்பை என்று நினைத்துத் திட்டம் போடுபவர்கள் முதல் ஆண்டிலேயே அடிபடுவார்கள். மஞ்சளுக்கும் தென்னைக்கும் மரவள்ளிக்கும் அதை விலை கொடுத்து வாங்குகிறார்கள். அண்டை மாநிலத் தோட்டங்களுக்கும் போகிறது. முட்டை விலை சரியும் மாதங்களில் பண்ணையாளருக்குக் கையில் புரளும் காசில் எருக்காசும் ஒன்று. அதை இலவசமாகக் கேட்க எந்த ஆலைக்கும் உரிமையில்லை.

ஒரு மாதிரிக் கணக்கு. 100 டன் எருவிலிருந்து 4 டன் சிபிஜி. சிபிஜி ஆலைகளை ஊக்குவிக்கும் மத்திய அரசின் சாட்டட் திட்டம் தொடக்கத்தில் உறுதியளித்த விலை கிலோவுக்கு 46 ரூபாய்; பின்னர் அது சிஎன்ஜி சில்லறை விலையோடு இணைக்கப்பட்டது. 46 ரூபாய் என்றே வைத்துக்கொண்டால் நாள் வருமானம் 1,84,000 ரூபாய். எருவைக் கிலோ ஒரு ரூபாய்க்கு வாங்கினால் அதிலேயே ஒரு லட்சம் போய்விடும். மீதியில் போக்குவரத்து, மின்சாரம், கூலி, வங்கிக் கடனுக்கு வட்டி எல்லாம் பார்க்க வேண்டும். சிபிஜி விலை ஐந்து ரூபாய் ஏறினாலும் எரு விலை இருபது பைசா ஏறினாலும் விளைவு ஒன்றுதான், எதிர்த்திசையில். பெரிய ஆலை ஒன்று வந்ததும் சுற்றுப்பக்க எரு விலை ஏறுவது நிச்சயம். தன் வருகையாலேயே தன் லாபத்தைக் கெடுத்துக்கொள்ளும் தொழில் இது.

இதற்கு ஒரே மாற்று, எருவை ஆலைக்கு ‘விற்காமல்’ கொடுத்து வாங்குவது. பண்ணையாளர் எருவை அனுப்புகிறார். அதிலிருந்து வாயு மட்டும் எடுக்கப்படுகிறது. உரச்சத்து அப்படியே ஸ்லரியாக அவர் காட்டும் வயலுக்கோ, அவரிடம் வழக்கமாக எரு வாங்கும் உழவருக்கோ திரும்புகிறது. நைட்ரஜன், மணிச்சத்து, சாம்பல்சத்து எதுவும் வாயுவோடு போவதில்லை. பாதை நன்றாக அமைந்தால் பண்ணையாளர் எருக்காசை இழக்கமாட்டார். ஆலைக்கும் மூலப்பொருள் செலவு குறையும்.

பண்ணையாளருக்கு இதில் இன்னொரு ஆதாயம், ஈ. மாதக்கணக்கில் குவியும் எருவில் ஈ பெருகி, சுற்றியுள்ள ஊர்களில் சோறு வைத்துச் சாப்பிட முடியாத நிலை வந்து, பண்ணைகளுக்கு எதிராக மக்கள் மனுக் கொடுப்பது இந்தப் பகுதியில் புதிதல்ல. ஈ முட்டையிட்டுப் பறக்க ஒரு வாரத்துக்குச் சற்று மேல் போதும். வாரம் ஒருமுறை எரு வாரப்பட்டால் அந்தச் சுழற்சி அறுந்துவிடும். புது எருவில் வாயுவும் அதிகம். குவியலில் கிடந்து காய்ந்த எருவில் பாதி ஏற்கெனவே காற்றில் கலந்திருக்கும்.

ஆனால் வண்டி பண்ணைக்குப் பண்ணை போவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பண்ணையாளர்கள் தயங்குவது இதனால்தான். வெள்ளைக்கழிச்சலோ பறவைக்காய்ச்சலோ ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்குச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு போகும். ஒரு லட்சம் கோழி வைத்திருப்பவர் அடுத்த பண்ணைக்குப் போய்வந்த டிப்பரை உள்ளே விடமாட்டார். அவர் தயங்குவதில் தவறே இல்லை. வாசலுக்கு வெளியே எரு மாற்றும் மேடை, சக்கரமும் அடிப்பாகமும் கழுவிக் கிருமிநாசினி அடிக்கும் இடம், வெளியேறும் ஸ்லரியை 70 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடேற்றும் கலன் ஆகிய மூன்றும் இல்லாத திட்டத்தில் அவரைச் சேரச் சொல்லக் கூடாது. கடைசியாகச் சொன்ன அந்த 70 டிகிரி விதி ஐரோப்பாவில் உணவு, விலங்குக் கழிவுகளுக்குச் சட்டமாகவே இருக்கிறது.

முன்பே ஒரு முறை முயன்ற நாடு இது

கிராமங்களில் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்குக் ‘கோபர் கேஸ்’ தெரியாமல் இருக்காது. காதி கிராமத் தொழில் ஆணையம் 1960-களில் மிதக்கும் இரும்பு மூடி வைத்த கலனைப் பரப்பியது. 1980-களில் செங்கல் குவிமாடக் கலன்களான தீனபந்து வகை வந்தது. 1981-82-ல் தேசியத் திட்டம் ஒன்று தொடங்கி, நாடு முழுவதும் இதுவரை ஐம்பது லட்சம் வீட்டுக் கலன்கள் கட்டப்பட்டிருக்கின்றன. பல இன்று காய்ந்து கிடக்கின்றன. டிராக்டர் வந்து மாடு குறைந்தது; எல்பிஜி சிலிண்டர் வந்து, தமிழ்நாட்டில் அரசே இலவச எரிவாயு அடுப்பும் தந்தது. தினமும் சாணியைக் கையால் கரைத்து ஊற்றும் வேலை வீட்டுப் பெண்கள் தலையில் விழுந்திருந்தது. அவர்கள் அதை விட்டுவிட்டதில் எந்தத் தவறும் இல்லை. அந்தக் கலன்களின் தொழில்நுட்பம் தோற்கவில்லை. சரக்கும் ஆளும் இல்லாமல் அவை நின்றுபோயின.

இப்போதைய அலை வேறு விதம். 2018 அக்டோபரில் தொடங்கிய சாட்டட் திட்டம் 5,000 ஆலைகளை இலக்காக அறிவித்தது. ஏழு ஆண்டுகளில் இயங்கத் தொடங்கியவை நூறு அளவிலேயே உள்ளன. நாமக்கல் மாவட்டம் அதில் முன்னோடி: புதுச்சத்திரத்தில் கோழி எருவை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு நாளுக்கு 15 டன் திறனில் ஓர் ஆலை அமைந்து, அதன் வாயு இந்தியன் ஆயில் பெட்ரோல் பங்க்குகளில் வாகனங்களுக்கு விற்பனைக்கு வந்தது. 15 டன் முழுத் திறனில் ஓட, முன்சொன்ன கணக்கின்படி நாளுக்கு 375 டன் எரு வேண்டும். வட்டார எருவில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு ஒரே வாசலுக்கு வர வேண்டும். இந்த எண்ணை வைத்துப் பார்த்தால், பெரிய ஆலை ஒன்றைவிட நாலைந்து நடுத்தர ஆலைகள் இந்த வட்டாரத்துக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது.

வாங்குபவர் பக்கம் நிலைமை மாறிவருகிறது. 2025-26 முதல் நகர எரிவாயு விற்பவர்கள் தம் சிஎன்ஜியிலும் குழாய் எரிவாயுவிலும் 1 சதவீதம் சிபிஜி கலக்க வேண்டும். 2026-27-ல் 3, அடுத்த ஆண்டு 4, 2028-29 முதல் 5 சதவீதம். வாயுவுக்குச் சந்தை இல்லை என்ற சாக்கு இனி எடுபடாது. அதுவும் நாமக்கல்லில்! லாரி கட்டும் ஊர், எல்பிஜி டேங்கர் லாரிகளின் தாயகம், ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளின் பக்கத்து ஊர். முட்டை ஏற்றும் வண்டியும் தீவனம் ஏற்றும் வண்டியும் இந்த வாயுவிலேயே ஓடலாம். அழுத்த வாயுவைச் சிலிண்டர் அடுக்குகளில் ஏற்றி நூறு, இருநூறு கிலோமீட்டர் அனுப்பும் செலவு மிச்சம்.

290 டன் ஸ்லரி

இனி கடைசிக் கேள்வி. 100 டன் எருவும் 200 டன் தண்ணீரும் உள்ளே போகின்றன. வாயுவாக வெளியேறுவது எடையில் பத்து டன் அளவுதான். மீதி 290 டன் குழம்பு மறுமுனையில் வந்து நிற்கும், ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளியும் பாராமல். 5,000 லிட்டர் டிராக்டர் டேங்கரில் ஏற்றினால் கிட்டத்தட்ட 60 நடை. அதில் 1.3 டன் நைட்ரஜன் இருக்கிறது. அறுபது மூட்டை யூரியாவுக்கு மேல். ஏக்கருக்கு ஆண்டுக்கு 80 கிலோ தழைச்சத்து என்று கொண்டால் ஏறக்குறைய 6,000 ஏக்கர் நிலம் வேண்டும், இந்த ஒரு நடுத்தர ஆலைக்கு மட்டும்.

இவ்வளவு உரத்தை வயலில் சேர்த்தால் பொன். சேர்க்க முடியாமல் குட்டையில் தேங்கவிட்டால் நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறும். சேகோ தண்ணீரால் ஏற்கெனவே கெட்ட கிணறுகள் இரண்டாவது முறை கெடும். எரிவாயு ஆலை என்று பெயர் வைத்தாலும் எடைப்படி பார்த்தால் இது ஓர் உரப் போக்குவரத்து நிறுவனம். எரிவாயு அதற்குக் கிடைக்கும் கூலி.

டென்மார்க் இதை ஆரம்பத்திலேயே புரிந்துகொண்ட நாடு. அங்கே பயோகேஸ் வளர்ந்தது எரிபொருள் ஆசையால் மட்டும் அல்ல. 1987-ல் கொண்டுவந்த நீர்நிலைப் பாதுகாப்புத் திட்டமும் அதையொட்டிய விதிகளும், உழவர்கள் சாணக் குழம்பை மாதக்கணக்கில் சேமித்துவைத்து, பயிருக்குத் தேவையான பருவத்தில் மட்டும், நிலத்தின் அளவுக்கு ஏற்பத்தான் இட வேண்டும் என்று கட்டாயமாக்கின. கால்நடை மிகுந்த பண்ணைக்கு நிலம் போதவில்லை. நிலம் மிகுந்தவரிடம் கால்நடை இல்லை. இருவருக்கும் நடுவே சேமித்து, கலந்து, பிரித்துக் கொடுக்கும் இடமாகப் பொதுப் பயோகேஸ் ஆலை நின்றது. பல ஆலைகள் உழவர்களின் கூட்டுடைமை. 1992-ல் தொடங்கிய லெம்விக் ஆலை அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று. குழம்பை ஏற்றிவந்த அதே டேங்கர் மூடிய கூடத்தில் இறக்கி, கழுவி, செரித்த ஸ்லரியை ஏற்றிக்கொண்டு திரும்பும். வெறுமையாக ஓடும் நடை இல்லை. உணவுத் தொழிற்சாலைகளின் கழிவு வாயுவைக் கூட்டித் தர, உழவருக்கு உரச்சத்தும் கூடிற்று. இன்று டென்மார்க்கின் குழாய் எரிவாயுவில் ஏறத்தாழ 40 சதவீதம் பயோகேஸ்.

நம் நாட்டில் ஸ்லரிக்கு உதவி இல்லாமல் இல்லை. 2023-ல் மத்திய அரசு, இத்தகைய ஆலைகளின் புளிக்கவைத்த இயற்கை உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவித் தொகை அறிவித்தது. உரக் கட்டுப்பாட்டு ஆணையிலும் அதற்கு இடம் கிடைத்தது. ஆனால் உழவர் ஒரு முறை யூரியா இட்ட கையால் ஸ்லரியைத் தொடும் முன் பக்கத்து வயலில் பார்த்திருக்க வேண்டும். குழம்பு உரத்தை மேலே பீய்ச்சினால் அம்மோனியா காற்றோடு போய்விடும். மண்ணுக்குள் இறக்க வேண்டும். சொட்டுநீர்க் குழாயில் விட்டால் அடைக்கும். திப்பியையும் மணலையும் பிரித்த தெளிந்த நீராக இருக்க வேண்டும். மஞ்சளுக்கும் கரும்புக்கும் வாழைக்கும் எப்போது, எவ்வளவு என்பதை இரண்டு பருவமாவது இந்த மண்ணில் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நாற்றம் இன்னொரு சோதனை. பஞ்சாபில் லூதியானா மாவட்டக் கிராமங்கள் சில, 2024-ல் தம் ஊர் சிபிஜி ஆலைகளை எதிர்த்துச் சாலையில் அமர்ந்தன. நாற்றம், தண்ணீர் பற்றிய அச்சம், யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை என்ற கோபம் எல்லாம் சேர்ந்திருந்தன. நாமக்கல்லில் ஈயையும் சேலத்தில் சேகோ வாடையையும் தாங்கிய மக்களிடம் இன்னொரு வாடையைத் திணிப்பது நியாயம் ஆகாது. மூடிய கூடம், காற்றை வடிகட்டும் மரத்தூள் படுகை, மூடிய ஸ்லரித் தொட்டி ஆகியவை செலவுதான். மூடாத ஸ்லரித் தொட்டியிலிருந்து மீத்தேனும் கசியும். கரியமில வாயுவைவிட நூறாண்டுக் கணக்கில் இருபத்தைந்து மடங்குக்கு மேல் வெப்பமூட்டும் வாயு அது. ஒழுகும் ஆலையால் பூமிக்குக் கெடுதலே.

உணவுக்கழிவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஊர்களின் அளவுக்கு இங்கே அது சிறிய பங்கு; ஹோட்டல் மிச்சத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே பன்றி வளர்ப்போருக்குப் போகிறது. சேலம் மாநகரின் கழிவைச் சேர்த்தால் கணக்கு மாறும். ஆனால் இந்தூரில் நாளுக்கு 550 டன் ஈரக்கழிவை எடுக்கும் ஆலை 2022-ல் தொடங்கியபோது, அந்த நகரம் வீட்டு வாசலிலேயே தரம் பிரிக்கும் பழக்கத்தைப் பல ஆண்டுகள் உழைத்து உண்டாக்கியிருந்தது. பிளாஸ்டிக் பை கலந்த குப்பையைக் கோழி எருக் கலனில் போட்டால், பிறகு அந்த ஸ்லரியை எந்த மஞ்சள் விவசாயியும் வாங்கமாட்டார்.

யார் நடத்துவது?

இந்த வட்டாரம் கூடித் தொழில் செய்யத் தெரிந்த வட்டாரம். 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம், சிதறிக் கிடந்த ஆலைகளுக்கு ஒரு பொது விற்பனைக் களத்தைத் தந்தது. முட்டை விலையை ஒருங்கிணைக்கும் குழு நாமக்கல்லில் இருக்கிறது. லாரி உரிமையாளர் சங்கங்களின் வலிமை தென்னாடு முழுக்கத் தெரியும். வெளியிலிருந்து முதலீட்டாளர் வந்து, நிலம் வாங்கி, ஆலை கட்டி, பிறகு எருவுக்கு விலை பேசுவதைவிட, எரு தருபவரும் தண்ணீர் தருபவரும் ஸ்லரி எடுப்பவரும் பங்குதாரராக இருக்கும் ஒரு கூட்டு நிறுவனம், முதலீட்டாளரோடு சமமாக அமர்ந்து பேசும் ஏற்பாடு இங்கே சாத்தியம். குஜராத்தின் பனாஸ் பால் கூட்டுறவு, தீசா அருகே தன் உறுப்பினர்களிடம் கிலோ ஒரு ரூபாய்க்குச் சாணம் வாங்கி வாகன எரிவாயு செய்கிறது. பால் எடுக்கும் அதே நம்பிக்கையின் மேல் சாணமும் வருகிறது.

ஒப்பந்தத்தில் எடையைவிட உலர்பொருள் அளவுக்கே விலை வைக்க வேண்டும். லாரி எடைக்குக் காசு என்றால் தண்ணீர் தெளித்த எருவும் மணலும்தான் வரும். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கைப்பிடி எடுத்து, காயவைத்து, எரித்துச் சாம்பலை நிறுத்தால் போதும். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மணல், எவ்வளவு எரு என்பது தெரிந்துவிடும். ஒரு சிறு ஆய்வகமும் இரண்டு பயிற்சி பெற்ற பிள்ளைகளும் அதற்குப் போதும்.

பணத்தை எந்த வரிசையில் இறக்குவது என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. கலனும் கம்ப்ரசரும் ஆர்டர் கொடுத்தால் ஓராண்டில் வந்துவிடும். 6,000 ஏக்கர் உழவர்களின் சம்மதம் அப்படி வராது. ஆகவே முதல் இரண்டு ஆண்டுகளில், ஏற்கெனவே இயங்கும் ஆலைகளிலிருந்து ஸ்லரி வாங்கி, ராசிபுரம், நாமகிரிப்பேட்டைப் பகுதியில் மஞ்சளும் கரும்பும் வைத்திருப்பவர்களின் வயலில் அரை ஏக்கர் அரை ஏக்கராக இட்டு, விளைச்சலை அவர்கள் கையாலேயே எடைபோட வைக்க வேண்டும். அதற்கான மூடிய ஸ்லரிக் குளமும் மண்ணுக்குள் இறக்கும் டேங்கர்களும்தான் இந்தத் தொழிலின் முதல் செலவாக இருக்க வேண்டும். வங்கி மேலாளர்கள் அதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். மாவட்ட நிர்வாகம் தன் பங்காகப் பணம் போட வேண்டிய இடமும் அதுவே.